எண்டர் தட்டினால் போகாத பெட்டி

போன செவ்வாய்க்கிழமை காலை மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஆபீஸிலிருந்து போன். நான் ஓய்வு பெற்று வந்துவிட்டாலும் என் நம்பர் மட்டும் அவர்களுக்கு மறக்கவில்லை. பேசியது அர்ச்சனா, நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"அக்கா, ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல அந்தச் செவப்புப் பெட்டி இருக்குல்ல? எண்டர் தட்டினா மூடற மாதிரி மாத்தித் தரச் சொல்லி மேல கேக்கறாங்க. புதுசா வந்தவங்களுக்குத் தொந்தரவா இருக்காம். நீங்க ஏன் அப்படி வச்சீங்கன்னு இங்க இருக்கற யாருக்கும் தெரியல. ஸ்வல்ப ரெண்டு வரி எழுதிக் கொடுக்கறீங்களா?"

கொடுக்கிறேன் என்றேன். ஆனால் இரண்டு வரியில் முடிக்க எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அதுவும் இந்த விஷயத்தில் ஏன் முடிக்க வேண்டும்? என் உத்தியோக வாழ்க்கையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று உண்டென்றால் அது அந்தச் சிவப்புப் பெட்டிதான். முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் நாம் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கும்போது குறுக்கே வந்து நிற்குமே ஒரு சின்னப் பெட்டி. "சேமிக்கப்பட்டது" என்று ஒன்று. "பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்று ஒன்று. பாப்-அப் என்பார்கள், நோட்டிஃபிகேஷன் என்பார்கள். நாங்கள் ஆபீஸில் பெட்டி என்றே சொல்வோம். எந்தப் பெட்டி வரலாம், எங்கே வரலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எதை உள்ளேயே அடக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் வேலை. இதற்கெல்லாம் ஒரு ஆளா, அதற்கு ஒரு சம்பளமா என்று என் சொந்த நாத்தனாரே கேட்டிருக்கிறாள். கேட்கட்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையை விரிக்கப் போவதில்லை. சுரங்கக் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். என் வீட்டுக்காரர் சாமுவேல், சுரங்கக் குழியான ஷாஃப்டுக்கு மேலே நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கும் வேலையில் இருந்தார். சுரங்கத்தை மூடினார்கள். ஒரே வீட்டில் இரண்டு வேலையும் ஒரே நாளில் போயிற்று. அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டார், நான் ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு பெங்களூர் ரயிலைப் பிடித்தேன். டைப் அடிப்பதில் நான் புலி. டேட்டா என்ட்ரியில் சேர்த்தார்கள். நான் அடிக்கும் வேகத்துக்கு அவர்கள் சாஃப்ட்வேர் ஈடுகொடுக்காமல் அடிக்கடி நின்று போயிற்று. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று வாய் ஓயாமல் புகார் சொன்னேன். இந்த வாயை வீணாக்குவானேன் என்று டெஸ்டிங்கில் போட்டார்கள். அங்கிருந்து திரையை வடிவமைக்கும் குழுவுக்குப் போனேன். அங்கேதான் வசுந்தரா மேடம்.

மேடம் மைசூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எப்போதும் வாயில் ஒரு ஏலக்காய் இருக்கும். தமிழை நன்றாகப் புரிந்துகொள்வார், பேசுவது மட்டும் பாதி கன்னடமாக வரும். அவருடைய குழுவில் புதிதாக ஒரு பெட்டி வைக்க வேண்டுமென்றால் ஒரு சோதனை உண்டு. அதை நாங்கள் தோள் சோதனை என்போம்.

சோதனை இப்படி நடக்கும். மேடம் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பார், உண்மையான வேலை, நடிப்பு இல்லை. பெட்டி வைக்க விரும்புகிறவர் அவர் பின்னால் போய் நிற்க வேண்டும். பிறகு அவர் தோளைத் தட்டி, பெட்டியில் எழுதப்போகிற வாசகத்தை வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மேடம் திரும்பிப் பார்ப்பார். இரண்டு கேள்வி கேட்பார்.

"யாரிகெ? ஈக யாகெ?"

யாருக்கு இது? இப்போது எதற்கு? பதில் சொன்ன பிறகு அவர் திரும்பித் தன் வேலையைப் பார்ப்பார். விட்ட இடம் சட்டென்று கிடைத்ததா, இல்லை தேட வேண்டி வந்ததா என்று நம் கண் முன்னாலேயே பார்த்துக்கொள்வார். தேட வேண்டி வந்தால், "நன்னிடமிருந்து இஷ்டு, இவ்வளவு எடுத்துக்கொண்டாய், என்ன கொடுத்தாய்?" என்று கேட்பார். கோபமாக இல்லை. கடையில் காய் விலை விசாரிக்கிற மாதிரி கேட்பார்.

ஆறடி உயரத்தில் ஒரு பையன் இருந்தான், புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரன். "உங்கள் தகவல் சேமிக்கப்பட்டது" என்று திரை நடுவில் பெட்டி வைக்க வந்தான். மேடம் பின்னால் போய்க் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. இதைச் சொல்லவா ஒரு பெரிய மனுஷியின் தோளைத் தட்டுவது என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது. சிரித்துக்கொண்டே போய்விட்டான். மூலையில் பச்சையாக ஒரு சின்னத் துண்டு வந்து தானாக மறையட்டும் என்று முடிவாயிற்று. நானும் முதல் முறை தோற்றேன். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் பெட்டி. "ஈக யாகெ?" என்றார். காலையில் உள்ளே நுழையும்போது சொல்லாமல் வேலைக்கு நடுவில் ஏன் சொல்கிறாய் என்ற கேள்வி அது. வாயாடி எஸ்தர் என்று பேரெடுத்த என் வாய் அடைத்தது அன்றைக்குத்தான்.

இப்படித்தான் எங்கள் சட்டம் உருவாயிற்று. தெரிந்தால் போதும் என்றால் மூலையில் பச்சைத் துண்டு. வேலை முடிவதற்குள் பார்த்தாக வேண்டும் என்றால் மேலே மஞ்சள் பட்டை. இப்போதே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்றால் மட்டும் சிவப்புப் பெட்டி, அதுவும் மேடம் சம்மதித்தால். வருஷத்துக்கு ஒன்று சம்மதித்தாலே அதிகம்.

ஆனால் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எங்கள் குழுவில் பிறந்ததில்லை. அதை வேறொரு குழு அவசரமாகச் செய்து பிரகாஷ் என்கிற மேனேஜர் மூலம் விற்றது. பிரகாஷ் நல்ல மனிதர்தான், ஆனால் வாடிக்கையாளர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். மருந்துக்கடை கேட்டது, ஒரு பெட்டி. கேன்டீன் கேட்டது, ஒரு பெட்டி. பில்லிங் கேட்டது, இரண்டு பெட்டி. எல்லாம் ஒரே அளவு, ஒரே இடம், ஒரே ஓகே பட்டன். ஓகேயை அமுக்கவும் வேண்டாம், எண்டர் தட்டினால் போய்விடும்.

ஒருநாள் பிரகாஷ் எங்கள் இடத்துக்கு வந்தார். முகத்தில் கவலையும் நிம்மதியும் கலந்திருந்தன. பெங்களூரில் அந்த ஆஸ்பத்திரியின் ஒரு வார்டில் பன்னிரண்டாம் படுக்கையில் ஒரு பெரியவர். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஏறினால் இதயம் நின்று போகலாம். லேப் கம்ப்யூட்டரில் ஏற்றியது, வார்டுக் கம்ப்யூட்டரில் பெட்டி வந்தது. யாரும் பெரியவரிடம் போகவில்லை. கடைசியில் அவர் மூச்சுத் திணறிய பிறகுதான் ஓடியிருக்கிறார்கள். ஐசியூவில் கிடந்து பிழைத்துக்கொண்டார், தெய்வாதீனம்.

"பெட்டி வரலன்னு நம்மளச் சொல்லிட்டாங்க எஸ்தர். நல்லவேளை, ரெக்கார்டு இருக்கு. பெட்டி வந்தது, வந்த அடுத்த நிமிஷமே மூடிட்டாங்க. கவிதான்னு ஒரு நர்ஸோட லாகின். அந்தப் பொண்ணுக்கு மெமோ கொடுத்துட்டாங்க, வெள்ளிக்கிழமை விசாரணை. வேலையை விட்டு அனுப்பிடுவாங்க போலிருக்கு. நீங்க போய் ரெக்கார்டைக் காமிச்சுட்டு வந்தா போதும். நம்ம மேல தப்பில்ல."

எனக்கு அந்த 'நம்ம மேல தப்பில்ல' பிடிக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று மனசு சொல்லிற்று. மேடத்தைப் பார்த்தேன். அவர் ஏலக்காயை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தள்ளினார். "எஸ்தர், நீ ரெண்டு நாள் முந்தியே ஹோகு, போ. ஸ்க்ரீனைப் பார்க்க வேண்டாம். கைகளைப் பாரு" என்றார்.

வார்டுக்குப் போனேன். நர்ஸ் மேஜை ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கவிதாவை விசாரணை முடியும்வரை நோயாளிகள் பக்கம் விடவில்லை, துணி மடித்து அடுக்கும் அறையில் போட்டிருந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். முதல் வேலை. தங்கையின் நர்ஸிங் படிப்பும் இவள் தலையில்தான். கண் வீங்கியிருந்தது. இந்த மெமோவோடு வெளியே போனால் வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நீ பெட்டியைப் பாத்தியாம்மா?" என்றேன்.

"சத்தியமா பாக்கல மேடம். நான் ஒம்பதாம் பெட்டுல கட்டு மாத்திட்டு இருந்தேன். ரெண்டு கையிலயும் க்ளவுஸ்."

"பின்ன உன் லாகின்ல யாரு மூடினது?"

தலையைக் குனிந்துகொண்டாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேடம் சொன்னபடி கைகளைப் பார்த்தேன். அடேங்கப்பா, என்ன சொல்ல! டிராலி தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். திரையில் பெட்டி நின்றது. போகிற போக்கில் எண்டரைத் தட்டிவிட்டுப் போனார். சாப்பாட்டு முறை பார்க்கிற டயட்டீஷியன் அம்மா வந்தார், தட்டினார். போனில் பேசிக்கொண்டே ஒரு டாக்டர் வந்தார், பேச்சை நிறுத்தாமல் தட்டினார். ஒருவரும் படிக்கவில்லை. ஒருவரும் திருட்டுத்தனமாகவும் செய்யவில்லை. பந்தியில் எழுந்து போகும்போது பக்கத்து இலையையும் சேர்த்து மூடிவிடுகிற மாதிரி அத்தனை இயல்பாகச் செய்தார்கள்.

துணி அறைக்கு ஓடினேன். "கவிதா, இங்க எல்லாரும் எல்லாருக்கும் எண்டர் தட்டறாங்களா?"

இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாக்கா. கையில க்ளவுஸ் இருக்கறப்போ எங்களால வந்து தட்ட முடியாது. பெட்டி நின்னா அடியில இருக்கற சார்ட்டு தெரியாது. அதனால யாரு அந்தப் பக்கம் போனாலும் தட்டி விட்டுடுவாங்க. ஒதவிக்குத்தான். நானும் மத்தவங்களுக்குத் தட்டியிருக்கேன்."

"இதை ஏன்டி நீ சொல்லல?"

"யாரைன்னு சொல்றதுக்கா? யாரு தட்டுனாங்கன்னு எனக்கே தெரியாது. ஒதவி பண்ணவங்கள மாட்டி விட்டுட்டு நான் மட்டும் தப்பிச்சுக்கவா? அப்புறம் அவங்களுக்கு மெமோ வரும்."

அந்த வயசில் எனக்கு அந்தப் பெருந்தன்மை இருந்திருக்குமா என்று தெரியவில்லை. இருந்திருக்காது. ஊரையே காட்டிக் கொடுத்திருப்பேன்.

அன்று சாயங்காலம் ரயிலில் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொன்னால் கவிதா தப்பிப்பாள், வார்டு முழுக்க மெமோ பறக்கும். சொல்லாவிட்டால் அவள் போவாள். வீட்டில் சாமுவேல் தட்டில் களி போட்டு வைத்திருந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷாஃப்டில் கீழே இருப்பவர் மணி அடித்தால் மேலே இருப்பவர் அதே எண்ணிக்கையில் திருப்பி அடிக்க வேண்டும். மூன்று அடித்தால் ஆள் ஏறப்போகிறது என்று அர்த்தம். மூன்று திரும்பி வந்தால்தான் ஏறலாம். அந்தப் பழக்கம் அவருக்கு வீட்டிலும் விடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டேன் என்றால், "சாவி எடுத்துகினே" என்பார். உப்பு தீர்ந்தது என்றால், "உப்பு தீந்துச்சு" என்பார். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிளியைக் கட்டிக்கொண்டோமா என்று நினைத்ததுண்டு.

"இன்னா எஸ்தரு, மூஞ்சி இப்டி கீது?" என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். களியைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அதெப்டி? எவன் வேணா வந்து தட்லாமா? மணிக் கயித்த கண்டவனும் தொடலாமா? கேஜுல ஆளு கீறாங்கன்னா கயித்துல என் கைய தவிர எவன் கையும் படக்கூடாது. மேனேஜரே வந்து ஒதவி பண்றேன்னாலும் அவன் கைய தட்டி உட்டுடுவேன். நல்ல மனசோட இழுத்தாலும் கேஜ் ஏறிடும்ல? அவனுக்கு நல்ல மனசு, உள்ள கால வச்சவனுக்கு கால் போய்டும்."

"அங்க கயிறே எல்லாருக்கும் எட்டற எடத்துல தொங்குதுங்க."

"அப்ப கயித்தத் தொங்க வுட்டவன இல்ல கேக்கணும்? இஸ்த்தவன இன்னாத்துக்குக் கேக்கறாங்க?"

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கயிற்றைத் தொங்கவிட்டவர்கள் நாங்கள். இதைச் சொல்லிவிட்டால் கவிதாவும் தப்பிப்பாள், வார்டும் தப்பிக்கும். எங்கள் கம்பெனி மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொள்ளட்டும். ஆனால் சொன்னால் நம்புவார்களா? வார்டே சேர்ந்து பொய் சொல்கிறது என்பார்கள். அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு மேட்ரன் அம்மாவும் நிர்வாக அதிகாரி ஒருவரும் வந்தார்கள். மேட்ரன் கண்டிப்பானவர், ஆனால் நர்ஸுகளைத் தன் பிள்ளைகள் மாதிரி நடத்துபவர். மெமோவில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். பிரகாஷ் ரெக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். மேலே மீட்டிங் அறையில் ஏசி போட்டு வைத்திருந்தார்கள்.

"மேடம், மேல வேண்டாமே. வார்டு மேஜைகிட்டயே பேசிடலாம். திரையை நேராப் பாத்தா சொல்றதுக்கு ஈஸியா இருக்கும்" என்றேன். சாதுவாகத்தான் கேட்டேன். வலை விரிக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது, பிரகாஷுக்குக்கூட.

மேஜையைச் சுற்றி நின்றோம். மேட்ரனுக்குக் கீபோர்டு பக்கத்தில் இடம் விட்டு நான் தள்ளி நின்றேன். கவிதா சுவரோடு சுவராக நின்றாள். பிரகாஷ் ரெக்கார்டை விளக்க ஆரம்பித்தார். மேட்ரன் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். திரையில் கேன்டீன் பெட்டி ஒன்று வந்து நின்றது. கர்த்தரே, இந்த அம்மா கையைக் கொஞ்சம் நீட்ட வையும் என்று மனசுக்குள் ஜெபம் பண்ணினேன். இப்படி ஒரு ஜெபத்தை எங்கள் பாஸ்டர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் மேட்ரன். "நல்ல பொண்ணுதான். ஆனா ஒரு பெட்டி வந்தா அதை ஒரு தடவை படிக்கணும்மா. படிக்காம மூடறது எவ்வளவு பெரிய..."

சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டி எண்டரைத் தட்டினார். பெட்டி போயிற்று.

மேட்ரனின் விரல் இன்னும் எண்டர் மேலேயே இருந்தது. அவர் குனிந்து தன் விரலைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"அது என்ன பெட்டி மேடம்?" என்று கேட்டேன். இதை இன்னும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருக்கலாம் என்று வசுந்தரா மேடம் பிற்பாடு சொன்னார். என் நாக்குக்கு அன்று கடிவாளம் இல்லை.

"தெரியல" என்றார் மேட்ரன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் எப்போதிலிருந்து இதைப் பண்றேன்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். டயட்டீஷியன் அம்மா பின்னாலிருந்து, "நாம எல்லாருமே பண்றோம் மேடம்" என்றார். டிராலிக்காரர் கையைத் தூக்கினார். டாக்டரும் தூக்கினார். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இதுதான் சமயம் என்று நான் முன்னால் வந்தேன். "இதுல இங்க இருக்கற யார் மேலயும் தப்பில்லைங்க. கை ஒழியாதவங்களுக்கு ஒதவி பண்றது நல்ல பழக்கம். கேன்டீன் பெட்டியும் உயிர் போற பெட்டியும் ஒரே மாதிரி இருந்தா, ரெண்டையும் யார் வேணா தட்டிவிடலாம்னு இருந்தா, அது செஞ்சவங்க தப்பு. செஞ்சது நாங்க. புலி வருது புலி வருதுன்னு நாள் பூரா கத்தினது எங்க சாஃப்ட்வேர். நிஜப் புலி வந்தப்போ யாரும் திரும்பிப் பாக்கலன்னு இந்தப் பொண்ணைத் தண்டிக்கறது நியாயமில்ல."

பிரகாஷ் என் காலை மிதித்தார். நான் ஊதுகிற சங்கை ஊதிவிட்டேன். மேட்ரன் மெமோவை வாங்கி நிர்வாக அதிகாரி முன்னாலேயே நாலாகக் கிழித்தார். "கவிதா, போ, க்ளவுஸ் போட்டுட்டு உன் பெட்டுகளைப் பாரு" என்றார். அந்தப் பெண் ஓடிய ஓட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதிகாரி பிரகாஷைப் பார்த்து, "அப்போ உங்க சாஃப்ட்வேரை நாங்க வச்சுக்கணுமா, வேணாமா?" என்று கேட்டார். பிரகாஷ் வாயைத் திறப்பதற்குள், "ஒரு மாசம் கொடுங்க, அப்பறம் நீங்களே சொல்லுங்க" என்றேன். ரயிலேறும் முன் மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மேடம் ஏலக்காயைக் கடிக்கும் சத்தம் கேட்டது. "செரியாகி மாடிதெ, சரியாகச் செய்தாய். பிரகாஷை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அந்த ஒரு மாதம் நான் வார்டிலேயே குடியிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இருந்த பெட்டிகள் அத்தனைக்கும் தோள் சோதனை வைத்தேன். கேன்டீன் பொறுப்பாளரை வரவழைத்து, கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிற நர்ஸின் தோளைத் தட்டி "இன்று மதியம் தயிர் சாதம்" என்று சொல்லச் சொன்னேன். மனிதர் பின்வாங்கிவிட்டார். பில்லிங்காரர் ஒருவர் மட்டும் தைரியமாகத் தட்டினார். நர்ஸ் திரும்பி முறைத்த முறைப்பில் இரண்டு பெட்டியையும் அவரே வாபஸ் வாங்கினார். அநேகமாக எல்லாமே மூலைப் பச்சைத் துண்டாகவோ மஞ்சள் பட்டையாகவோ போயிற்று. அடியில் இருக்கும் சார்ட்டை எதுவும் மறைக்கவில்லை. மறைக்காததால் யாரும் தட்டவும் வேண்டியிருக்கவில்லை.

மிஞ்சியது உயிர் சம்பந்தப்பட்டது மட்டும். அதுதான் சிவப்புப் பெட்டி. அதற்கு ஓகே கிடையாது. எண்டர் வேலை செய்யாது. பெட்டியில் எந்தப் படுக்கை, என்ன ஆபத்து என்று இருக்கும். நர்ஸ் தன் அடையாள அட்டையைக் கம்ப்யூட்டரில் காட்டி, அந்தப் படுக்கை எண்ணைத் தன் கையால் அடித்து, "பார்த்துவிட்டேன்" என்று திருப்பிச் சொன்னால்தான் போகும். சொல்ல ஆளில்லை என்றால் பெட்டி காத்திருக்காது, டாக்டர் போனில் போய் அடிக்கும். அங்கேயும் பதில் இல்லை என்றால் மேட்ரன் போனில். பிரகாஷ், "யூசருக்கு எரிச்சல் வரும் எஸ்தர்" என்றார். "வரட்டும், அதுக்குத்தான் வச்சது" என்றேன். மேடம் தன் தோளைத் தட்டச் சொல்லி, அந்த வாசகத்தைச் சொல்லச் சொன்னார். "பன்னிரண்டாம் படுக்கை, பொட்டாசியம் ஆபத்து" என்றேன். அவர் யாரிகெ என்று கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். சிவப்புக்குச் சம்மதம் கிடைத்தது.

ஆஸ்பத்திரி எங்களை விடவில்லை. தங்களுடைய மற்றக் கிளைகளிலும் போடச் சொன்னது. பிரகாஷ் அதற்குப் பிறகு எல்லா மீட்டிங்கிலும், "நம்ம எஸ்தர் அக்கா டிசைன்" என்று என்னமோ தானே பெற்று வளர்த்த மாதிரி பெருமை பேசினார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் இனித்தது.

ஆனால் எனக்கு உண்மையில் பட்டம் சூட்டியது அது இல்லை. சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், ரயில் மாலூர் தாண்டி வந்துகொண்டிருந்தது. நின்றுகொண்டு வந்தேன். கவிதாவிடமிருந்து போன். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அக்கா, அஞ்சாம் பெட்டு. பொட்டாசியம். நான் க்ளவுஸோட இருந்தேன். டயட்டீஷியன் மேடம் பழக்கத்துல எண்டர் தட்டியிருக்காங்க, போகல. மறுபடி தட்டியிருக்காங்க, போகல. அப்பறம்தான் படிச்சு, 'கவிதா, அஞ்சாம் பெட்டு'ன்னு கத்தினாங்க. ஓடினோம்க்கா. டாக்டர் வந்துட்டாரு. பார்த்துட்டோம். அந்தம்மா நல்லாருக்காங்க, டீ கேட்டு அடம் பிடிக்கறாங்க."

என் வாயிலிருந்து எனக்கே தெரியாமல் வந்தது. "அஞ்சாம் பெட்டு. பார்த்துட்டீங்க."

சாமுவேலின் குரலில் வந்தது, அவர் மணி திருப்பி அடிக்கிற அதே தாளத்தில். அந்தப் பக்கம் கவிதா சிரித்தாள். நான் ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடலை விற்கிற அம்மா, "இன்னாம்மா, யாராச்சும் போய்ட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, இருக்காங்க" என்றேன். இரண்டு பொட்டலம் கடலை வாங்கிப் பக்கத்திலிருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் சாமுவேல், "அஞ்சாம் பெட்டு, பாத்துட்டாங்கோ" என்றார். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வரவில்லை.

கவிதா இப்போது அந்த வார்டுக்கு இன்சார்ஜ். அவள் தங்கையும் அங்கேயே நர்ஸ்.

அர்ச்சனா, நீ கேட்ட இரண்டு வரி இதுதான். பெட்டி தொந்தரவாக இருக்கிறது என்று மேலே சொன்னால், அவர்களை உன் பின்னால் வந்து நின்று உன் தோளைத் தட்டி, "ஐந்தாம் படுக்கை அம்மா சாகப் போகிறார்" என்று சொல்லச் சொல். தொந்தரவாக இருக்கிறதா என்று அப்புறம் கேள். எண்டர் கிடையாது. படித்து முடித்ததும் எனக்கு அதைத் திருப்பிச் சொல்லி ஒரு வரி அனுப்பு. அது வரும்வரை நான் எழுதியது உன்னிடம் வந்து சேர்ந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.